குள்ளன் புளிக்கு உரிமையாளர் யார்?

உலக வர்த்தகத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் பெரிய மனிதர்கள் ஜெனீவாவுக்குப் போவார்கள். ஏரிக்கரை ஹோட்டல், வெள்ளை மேஜைவிரிப்பு, ஆளுக்கொரு பெயர்ப் பலகை. என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு செல்போன், தோளில் ஒரு பை, பையில் எங்கள் கம்பெனியின் சாஸ் பாட்டில் நான்கு.

எங்கள் கம்பெனி என்று வாய்க்கு வாய் சொல்வேனே தவிர, அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில் இருக்கிறது. புளியை வைத்துப் பழுப்பு நிறத்தில் ஒரு சாஸ் செய்கிறது. சென்னையில் அதற்கு ஓர் அறை ஆபீஸ். அதில் நான், ஒரு ஏசி, ஒரு தண்ணீர் கேன். என் பதவியின் பெயரை விசிட்டிங் கார்டில் அச்சடிக்க இரண்டு வரி பிடித்தது. உடைத்துச் சொன்னால், புளி வாங்குகிறவன்.

தை மாதம் இதே மலைக்கு வந்து, கொல்லைமேட்டுப் பெண்கள் குழுவிடம், "இந்த வருஷப் புளி மொத்தமும் எங்களுக்குத்தான், வைகாசியில் லாரி வரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். அதை நம்பி, வருஷா வருஷம் வந்து வாங்குகிற வாணியம்பாடி வியாபாரியை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அந்தக் குளிர்ந்த நாட்டில் வங்கிகள் சாய்ந்தன. கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் நாற்காலி சூடாவதற்குள் உலகமயமாக்கலைத் திருத்திவிடுவது என்று முடிவெடுத்தார்கள். எந்த மரத்தில், யாருடைய மரத்தில் காய்த்த புளி என்று தெரியாமல் இனி ஒரு சொட்டு சாஸ்கூட விற்க மாட்டார்களாம். மரத்துக்கு மரம் உரிமையாளர் பெயர், மரத்தோடு அவர் நிற்கும் படம், இருக்கும் இடம். எல்லாவற்றையும் ஒரு செயலியில் ஏற்ற எனக்கு மூன்று நாள் கெடு.

அதுவரை மூட்டைகள் ஊரைவிட்டு நகரக்கூடாது என்று ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தார்கள். அடிவாரத்துக் குளிர்பதனக் கிடங்குக்குக்கூடப் போகக்கூடாது. வழியில் ஊர்பேர் தெரியாத புளி கலந்துவிடுமாம். புதுப்புளி சிவப்பாக இருக்கும், குளிரில் வைக்காவிட்டால் நாளாக நாளாகக் கறுக்கும், கறுத்தால் விலை போகாது என்று நான் மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் கவலையைக் குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது. குறித்துக்கொள்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆலங்காயத்தில் ஒரு டீயும் ஒரு பன்னும் சாப்பிட்டேன். பெரம்பூரில் என் தெருமுனை டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரின் அடியை மட்டும் நனைப்பார். இங்கே தளும்பத் தளும்பக் கொடுத்தார்கள். பிறகு மலைப் பேருந்து. மூன்றாவது வளைவிலேயே எஞ்சின் புகைய ஆரம்பித்தது.

"எல்லாரும் எறங்கி நில்லுங்க, வண்டி ஆறணும்" என்றார் நடத்துநர், தினமும் பூஜைக்கு மணியடிக்கிறவர் மாதிரி அலுப்போடு.

சாலையோரம் எனக்கு முன்னால் இரண்டு இளம்பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அடிவாரத்தில் ஷூ கம்பெனியில் தைக்கிறவள் என்று பேச்சில் தெரிந்தது.

"வாரத்துக்கு மூணு நாளுதான் வேலைன்ட்டாங்க."

"இன்னா காரணமாம்?"

"அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டானாம்."

"அவன் ஊரு செருப்புக்கு அவன் வரி போட்டா உனுக்கின்னாடி?"

"அவன் கால்ல மாட்டறதே நான் தெச்சதுதான்டி, லூசு."

நிதி நெருக்கடி பற்றி எங்கள் தலைமையகம் நடத்திய இணையக் கருத்தரங்கை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டவன் நான். அதில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசவில்லை.

கொல்லைமேட்டில் பச்சையம்மா காத்திருந்தார். குழுவின் தலைவி. நாற்பது வயதிருக்கும். பேசும்போது முகத்தை நேராகப் பார்ப்பார், அதுதான் எனக்குப் பிரச்சினை. "வாங்க சார்" என்றவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, நேரே குழுக் கட்டடத்துக்கு அழைத்துப்போய் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தார். கையை உள்ளே விட்டு ஒரு கட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் சிவப்பு, நடுவில் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"இன்னும் ஒரு வாரம் தாங்கும். ரெண்டு மழ பேஞ்சா அத்தினியும் கறுத்துடும்" என்றார். "வாணியம்பாடி பாயி தை மாசமே வந்து கேட்டாரு. வேணாம், சார் வாக்கு குட்த்துட்டுப் போய்க்கீறாருன்னு நான்தான் எல்லார் வாயையும் மூடினேன். நாளைக்கு இவளுங்க என் மூஞ்சில முழிப்பாளுங்களா மாட்டாளுங்களான்றது உங்க லாரிலதான் கீது, சார்."

கட்டியை மூட்டைக்குள்ளேயே திரும்பப் போட்டு, வாயை நானே இழுத்துக் கட்டினேன்.

மதியம் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். இதே சாமையைச் சென்னையில் கண்ணாடி ஜாடியில் அடைத்து, அதன்மேல் இலைப் படம் போட்டு, கேட்டாலே மயக்கம் வருகிற விலைக்கு விற்கிறார்கள். இங்கே அதை இரண்டாவது முறையும் கேட்காமலே அள்ளிப் போட்டார்கள். சாப்பாடு முடிந்ததும், என் பங்குக்கு சாஸ் பாட்டிலைத் திறந்தேன். பெண்கள் ஆளுக்கொரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்கள்.

"இன்னா சார், சக்கரப் பாகா?" என்றார் ஒருவர்.

"இல்லம்மா, இது உங்க புளி."

"எங்க புளி இதுல எங்க கீது?"

பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன். புளி பதினொன்றாவது இடத்தில் இருந்தது. உப்புக்கும் பிறகு.

மறுநாள் காலை வேலை ஆரம்பித்தது. பச்சையம்மா கெட்டிக்காரர். மரத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று நான் போனில் சொல்லியிருந்ததால், முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி வாங்கி வைத்திருந்தார். அறுபத்துநான்கு மரம், அறுபத்துநான்கு பெயர். குள்ளன், சடையன், பெரியகாளி, வெள்ளச்சி, ஒத்தக்கண்ணன் என்று வரிசையாக. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது, அப்படி ஒரு ஒழுங்கு. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஊருக்கு மேலே ஒரு பாறை. அதில் ஏறி உட்கார்ந்து அத்தனை பெயரையும் தட்டினேன். செயலி ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் போட்டது. தலைமையகத்திலிருந்து ஹெல்கா என்கிற அதிகாரி கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.

பாறையைவிட்டு இறங்கி, படம் எடுக்கக் கிளம்பினோம். முதல் மரம், ஓடைக்கரையில் ஒரு பிரம்மாண்டம். அடியில் நின்றால் வானம் தெரியாது.

"குள்ளனை வரச் சொல்லுங்க, படம் எடுத்துடலாம்" என்றேன்.

பச்சையம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவரா? அவுரு எங்க மாமனாருக்குத் தாத்தா, சார்."

"சரி, சடையன்?"

"அவுரு குள்ளனுக்குத் தம்பி."

அடக் கடவுளே! அறுபத்துநான்கு பேரும் செத்துப்போனவர்கள். ஒருத்தர் பாக்கியில்லை. காலை முழுக்க நான் பாறைமேல் உட்கார்ந்து ஒரு மயானத்தையே செயலியில் ஏற்றியிருக்கிறேன். அது டிக் போட்டிருக்கிறது, ஹெல்கா கைதட்டியிருக்கிறார்.

"ஏங்க, உரிமையாளர் பேருதானே கேட்டேன்? உசுரோட இருக்கறவங்க பேரை எழுதக் கூடாதா?"

"எப்பிடி சார் எழுதறது? ஒரே பேருன்னு சொன்னீங்க" என்றவர், மரத்தை அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டினார். "அந்தக் கெழக்குக் கிளை என் கொழுந்தனாருது. ஓடைப் பக்கம் சாயுது பாருங்க, அது எங்க நாத்தனாருக்குக் குட்த்தது. அவளக் கட்டிக்குடுத்த ஊர்லேர்ந்து உலுக்கற அன்னிக்கு அவ சாக்கோட வந்து அவ கிளையை உலுக்கினு போவா. மேக்கால ரெண்டும் எங்களுது. உச்சிக் கொம்பு மாரியாத்தாளுது, அதுல யாரும் கை வைக்க மாட்டோம், திருநாக் கொழம்புக்குத்தான். இதுல யார் ஒருத்தர் பேரப் போட்டாலும் மத்தவங்க கிளையப் புடுங்கிக்கின மாதிரி ஆயிடும். அதான் நட்டவரு பேரையே போட்டுட்டோம். அவர்கிட்ட யாரு சண்டைக்குப் போவாங்க?"

நியாயம்தான். இதைவிட நேர்மையாக யாரும் ஒரு படிவத்தை நிரப்பியிருக்க முடியாது. ஆனால் செயலிக்கு நேர்மை புரியாது. ஊரில் இருந்த பங்காளிகளை நிற்க வைத்துப் படம் எடுத்தேன். 'ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் உள்ளன' என்று சிவப்பாகக் காட்டியது. மாரியாத்தாளை எங்கே நிறுத்துவது என்று வேறு தெரியவில்லை.

திரும்பவும் பாறைமேல் ஏறினோம், பச்சையம்மாவும் கூட வந்தார். வீடியோவில் ஹெல்காவைப் பிடித்தேன். அவர் பின்னால் ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு மரத்துக்கு ஒரு உரிமையாளர் கட்டாயம் இருக்க வேண்டும். வாங்கும் பொருள் யாருடையது என்று தெரியாவிட்டால் எங்கள் வாடிக்கையாளர் எங்களை எப்படி நம்புவார்?" என்றார். அதைத் தமிழில் பச்சையம்மாவிடம் சொன்னேன்.

"சரி சார். அந்தம்மா கம்பெனி யாருதுன்னு கேளுங்க."

கேட்டேன். ஹெல்கா நல்ல பெண், மழுப்பவில்லை. கம்பெனியின் பெயர் அதை ஆரம்பித்தவருடைய பெயர், அவர் இறந்து பல காலமாகிறது என்றார். இப்போது பங்குகள் ஒரு நிதியத்திடம். அந்த நிதியம் வேறு சில நிதியங்களுக்குச் சொந்தம். அவை யாருடையவை என்றதும் சற்று யோசித்தார். "அது பொதுவில் கிடைக்கிற தகவல் இல்லை" என்றார்.

வரி விடாமல் மொழிபெயர்த்தேன். பச்சையம்மா தலையாட்டினார்.

"அப்ப அங்கயும் செத்தவரு பேருதான். எங்குளுக்குக் கிளை யாருதுன்னாவது தெரியும்."

இதை மட்டும் நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது.

கடைசியில் ஹெல்காவே ஒரு வழி சொன்னார். எல்லா மரத்துக்கும் உரிமையாளராகக் குழுத் தலைவியைப் போட்டுவிடலாம், அவர் ஒவ்வொரு மரத்தோடும் நின்று படம் எடுத்துக்கொண்டால் போதும். நான் உற்சாகமாகச் சொன்னேன். பச்சையம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் அப்படிப் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"ஊரு மரமெல்லாம் என்னுதுன்னு நான் நிக்கணுமா? என் கொழுந்தனாரு வெட்டிப் போட்டுடுவாரு, சார்."

"வேற வழியில்லைங்க. இல்லன்னா லாரி வராது."

அன்று மத்தியானம் அவர் வீடு வீடாகப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு: இது போனுக்கு மட்டும்தான், மரம் உங்களுதுதான், லாரி வரணும், அவ்ளோதான். கொழுந்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இன்னா அண்ணி, அத்தினியும் உங்குளுதா? நல்லாக்கீது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண்ணில் சிரிப்பில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டார்கள். அந்த அம்மாள் போனில் சொன்னால் செல்லாது என்று அடுத்த ஊரிலிருந்து வெயிலில் நடந்தே வந்து, ஓடைப் பக்கக் கிளையின் கீழே நின்று, "போட்டுக்க அண்ணி, உன்ன நம்பித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாரியாத்தாளிடம் பச்சையம்மா தனியாகப் போய்ச் சொன்னார். கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தவர் கண் சிவந்திருந்தது.

அறுபத்துநான்கு மரங்கள். அறுபத்துநான்கு முறை அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். செயலி கொஞ்சம் சிரிக்கச் சொன்னது. சிரித்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் பச்சையாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை பாறைமேல் ஏறினேன். கடிதம் வந்திருந்தது. நீளமான கடிதம், முதல் மூன்று பத்தியும் பாராட்டு. இவ்வளவு முழுமையான மரப் பதிவேட்டை எந்த நாட்டிலிருந்தும் யாரும் அனுப்பியதில்லையாம். நான்காவது பத்தியில், நெருக்கடிக்குப் பிந்தைய புதிய கொள்கையின்படி இனிப் பக்கத்து நாடுகளிலேயே வாங்குவதென்று நிர்வாகம் தீர்மானித்திருப்பதால், இந்தப் பருவத்தின் கொள்முதல் நிறுத்தி வைக்கப்படுகிறது என்றிருந்தது. ஐந்தாவது பத்தியில், ஓடைக்கரை மரத்தடியில் நிற்கும் பெண்மணியின் படம் மிக அருமை, ஆண்டறிக்கையின் அட்டைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றிருந்தது. பதிவுகளையாவது அழித்துத் தாருங்கள் என்று உடனே எழுதினேன். என் கவலையைக் குறித்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அப்படியே பாறையின் மறுபக்கம் இறங்கி ஏதாவது பேருந்தைப் பிடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பச்சையம்மாவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. "எங்கிட்ட சொன்னா ஆவாது. கூட்டத்துல நீங்களே சொல்லுங்க" என்றார். குழுக் கட்டடத்தில் பெண்கள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தனார் வாசல் தூணில் சாய்ந்து நின்றார். நான் எழுந்து நின்று வங்கிகள் சாய்ந்ததைச் சொன்னேன். கடன் இறுகியதை, கம்பெனி கைமாறியதை, நாடுகள் கதவைச் சாத்திக்கொள்வதை, எனக்குத் தெரிந்த தமிழிலெல்லாம் சொன்னேன். நடுவில் "உலகமயமாக்கலின் அடுத்த கட்டம்" என்றுகூட ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது. என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் கேட்டாள்: "அங்க பேங்கு கவுந்தா, இங்க எங்க புளி ஏன் சார் கறுக்கணும்?"

இருபது வருஷமாக ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதுதான்மா" என்று சொல்லி உட்கார்ந்தேன். இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

"படம்?" என்றார் கொழுந்தனார். "அண்ணி மரமுன்னு எடுத்தீங்களே, அது?"

"அது அவங்ககிட்ட இருக்கும்."

"புளி வேணாம், படம் மட்டும் வேணுமா?" என்றார். பச்சையம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பச்சையம்மா அத்தனை பேர் நடுவிலும் போனை எடுத்து, சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, வாணியம்பாடிக்குப் பேசினார். "பாய், பச்சையம்மா பேசறேன். புளி கீது. வர்றீங்களா?"

திட்டப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். "எத்தன மூட்ட இருக்குதும்மா?" என்று மட்டும் கேட்டார்.

மதியத்துக்கு மேல் சின்ன லாரியோடு வந்து இறங்கினார். சாதிக் பாய், ஒல்லியான மனிதர், தோளில் துண்டு. மூட்டைக்கு மூட்டை கைவிட்டு நடுவிலிருந்து ஒரு கட்டி எடுத்து, விரலால் அழுத்தி, வெளிச்சத்தில் பார்த்தார். "தை மாசத்துல பாத்தப்ப என்னா செவப்பு!" என்று ஒருமுறை சொன்னார், அதோடு சரி. கறுத்ததற்குக் கறுப்பு விலைதான் என்றார். நான் குறுக்கே போய், தவறு இவர்கள்மேல் இல்லை, எங்கள் கம்பெனி செய்தது, பார்த்துப் போடுங்கள் என்றேன்.

"உங்களுக்குப் பாத்து நான் என்னா சார் பண்ணட்டும்? எங்க மச்சான் தோல் கன்டெய்னரு கடல் தாண்டிப் போய் அப்பிடியே திரும்பி வந்துடுச்சு. அதுக்கு யாரு பாத்துப் போட்டாங்க?" என்றார். பிறகு பச்சையம்மா பக்கம் திரும்பி, "ஒண்ணு பண்ணும்மா. எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டுங்க. செவப்ப செவப்பா, கறுப்ப கறுப்பா பிரிங்க. செவப்புக்குச் செவப்பு வெல தர்றேன்" என்றார்.

கொட்டினோம். நானும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை, வாருங்கள் என்றும் கூப்பிடவில்லை. சாயங்காலம்வரை பிரித்ததில் சிவப்பு ஏழு மூட்டை தேறியது. மற்றதெல்லாம் கறுப்பு. லாரி கிளம்பும்போது பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பேர் பச்சையம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் சொல்லாமல் போனார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சாக்குகளை மடித்தார்.

கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அந்த நிலைமையிலும் பச்சையம்மா எனக்குச் சோறு போட்டு, சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தார். பேருந்து நிற்கும் இடம்வரை கூடவே நடந்து வந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேங்க" என்றேன்.

"வாங்க சார். இது உங்க வூடு மாதிரி" என்றார் பச்சையம்மா. "ஆனா புளி உலுக்கறப்ப வராதீங்க. நாங்க வித்து முடிச்சப்புறம் வாங்க."